பட்டாணி அளவு தெரியாத கை

எங்கள் சந்தில் அவருடைய கை படாத முகமே கிடையாது. உடனே, ஆளை அறைந்து திரிகிற பெண்மணி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் தடவுகிற ரகம். பரு என்றால் தடவுவார். தேமல் என்றால் தடவுவார். கொசு கடித்தால் தடவுவார். ஒன்றுமே இல்லாமல் சும்மா வாசலில் போய் நின்றால், "இன்னாடா மூஞ்சி இப்படிக் காஞ்சி கெடக்குது" என்று தேங்காய் எண்ணெயாவது பூசித்தான் அனுப்புவார்.

பெரிய கோயிலின் பே கோபுரத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் அவர் இட்லி மாவு அரைத்து விற்றுவந்தார். ஊருக்கு அவர் மாவுக்கார அம்மா, சந்துக்கு அத்தை. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவருடைய கணவருக்கே தைரியம் வந்ததில்லை. எனக்கு இப்போது மட்டும் எங்கிருந்து வரும்? அதனால் பெயர் வேண்டாம்.

மாவு கேட்டால் கரண்டியால் மொண்டு பாத்திரத்தில் ஊற்றுவார். கேட்ட அளவு வந்ததும் கை நிற்காது. கொசுறாக ஒரு கரண்டி விழும். போதும் என்று பாத்திரத்தை இழுத்தால், இழுத்த குற்றத்துக்காக இன்னொன்று விழும். "அளவு பாத்து ஊத்த இதென்ன ரேஷன் கடையா?" என்பார். எங்கள் வீட்டில் தோசைக்கு மாவு வாங்கினால் மறுநாள் பணியாரம் நிச்சயம். அதற்கும் மறுநாள் புளித்த மாவில் ஊத்தப்பம். என் வயிற்றின் இன்றைய சுற்றளவில் அவருடைய பங்கு கணிசமானது.

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் அவரைப் பார்க்க வேண்டும். மலை சுற்றிவிட்டு, செருப்பில்லாத காலோடு நொண்டி நொண்டிப் பேருந்து நிலையத்துக்குப் போகிறவர்கள் எங்கள் சந்துக்குள் குறுக்கு வழி பிடிப்பார்கள். அத்தை வாசற்படியில் வலி தைலத்தோடு உட்கார்ந்திருப்பார். நொண்டுகிறவரை நிறுத்தி, கேட்காமல் கொள்ளாமல் பாதத்தைப் பிடித்துவிடுவார். ஒருமுறை சென்னையிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் பதறிப்போய், "ஐயோ, வயசுல பெரியவங்க நீங்க, என் காலைத் தொடலாமாம்மா?" என்று காலை உருவப் பார்த்தார். அத்தை விடவில்லை. "சாமியச் சுத்திட்டு வந்த காலு. எனக்கும் கொஞ்சம் ஒட்டட்டும், ஆடாம நில்லு" என்று குதிகாலில் அரைப் புட்டித் தைலத்தைக் கவிழ்த்தார். அந்த மனிதர் வழுக்கி வழுக்கித் தெருமுனை வரைக்கும் போனதை நான் கண்ணால் பார்த்தேன். வலி போயிற்றா தெரியாது. நடை போய்விட்டது.

இப்போது என் முகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்பில் பருக்கள் குடியேறின. நான் கல்லூரியை முடித்தபோது அவை காலி செய்துகொண்டு போயின. வீட்டைக் காலி செய்கிற குடித்தனக்காரர்கள் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி போயின. கன்னத்தில் குழிகள், குழிகளைச் சுற்றிக் கறுப்புத் திட்டுகள். மழைக்காலத்தில் என் கன்னத்தில் தண்ணீர் தேங்கிக் கொசு உற்பத்தியாவதாக நகராட்சிக்கு மனு எழுதப்போவதாக நண்பர்கள் மிரட்டுவார்கள். நானும் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தேன்.

பரு புதிதாக வந்த காலத்தில் அத்தை எனக்குச் செய்த முதல் சிகிச்சை, மாவு. பாத்திரத்தோடு போய் நின்றவனின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, உளுந்து மாவை விரலால் வழித்து இரண்டு கன்னத்திலும் அப்பிவிட்டார். "உளுந்து குளிர்ச்சிடா. ராவுக்குள்ள அமுங்கிடும் பாரு." வீட்டுக்குப் போவதற்குள் மாவு காய்ந்து, வாயைத் திறந்தால் முகம் விரிசல் விட்டது. அம்மா பார்த்தார். "மாவு வாங்கிட்டு வாடான்னா மாவுக்குள்ள உழுந்து எழுந்து வந்திருக்கியா?" என்றார். பரு அமுங்கவில்லை. எறும்புதான் வந்தது.

படித்து முடித்து, செங்கம் சாலையில் ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். வரவேற்பு மேசை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். முதலாளி என் முகத்தை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, "தம்பி, நீ உள்ள உக்காந்து போன் எடு" என்றார். தொலைபேசியில் நான் அழகன். குரலை மட்டும் கேட்டு அறை பதிவு செய்தவர்கள் நேரில் வந்து என்னைத் தேடியிருக்கிறார்கள். "அவர் லீவுங்க" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

முதல் சம்பளம் வந்ததும் தோல் மருத்துவரிடம் போனேன். அதிகம் பேசாத அம்மா அவர். விளக்கைக் கன்னத்துக்கு நேராக இழுத்துப் பார்த்தார்.

"ராத்திரி மட்டும் இந்த ஜெல். முகம் முழுசுக்கும் சேத்து ஒரு பட்டாணி அளவு. ஜாஸ்தி போட்டா சீக்கிரம் போகும்னு நெனச்சிடாதீங்க, தோல்தான் உரியும். பகல்ல வெளிய போனா சன்ஸ்கிரீன். மாசக்கணக்குல பொறுமையா போடணும்."

"குழி ரொம்பிடுமா டாக்டர்?"

"கறுப்பு கம்மியாகும். குழி க்ரீம்ல முழுசா ரொம்பாது. அதுக்கு வேற முறை இருக்கு, பின்னாடி பாக்கலாம்."

ட்யூபோடு சந்துக்குள் நுழைந்தேன். அத்தையின் கண்ணுக்குத் தப்பி அந்தச் சந்தில் எந்தப் பொருளும் வீடு போய்ச் சேர்ந்ததில்லை. வாங்கிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பட்டாணியா?" என்று என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். "இவ்ளோ பெரிய மைதானத்துக்கு ஒரு பட்டாணி எந்த மூலைக்குடா? மொச்சையாவது வேணும்."

"டாக்டர் சொன்னாங்க அத்தை."

"அவங்க சிக்கனமா இருக்கச் சொல்வாங்க. நீ உக்காரு."

உட்கார்ந்தேன். ஒரு மொச்சை அல்ல, ஒரு பிடி மொச்சை. அதோடு, ட்யூபில் கொஞ்சத்தை ஒரு குங்குமச் சிமிழில் பிதுக்கி எடுத்துக்கொண்டார். எதிர்வீட்டு ஷாஹினாவுக்கும் கன்னத்தில் தழும்பு இருக்கிறதாம். அவளுக்கு ஒரு பங்கு. சந்தில் யார் வீட்டுக்கு மருந்து வந்தாலும் இதுதான் நடைமுறை. ஒருவருக்கு எழுதிய சொட்டு மருந்து இன்னொருவர் கண்ணில் விழும். ஒருவர் வாங்கிய களிம்பு நாலு வீட்டுச் சிமிழில் இருக்கும். கார்த்திகை முடிந்து மலை தீபத்தின் மை பிரசாதமாகக் கிடைத்தால் ஒரு கடுகளவை எப்படித்தான் அத்தனை நெற்றிக்கும் பங்கு வைப்பாரோ, அதே கைதான் களிம்பையும் பங்கு வைத்தது. தனக்கு நல்லது ஒன்று கிடைத்து, அதைத் தனியாக வைத்துக்கொள்வது என்பது அவருக்கு வெட்கமான காரியம்.

ஒரே வாரத்தில் என் முகம் தோசைக்கல்லில் ஓரம் எழும்புகிற தோசை மாதிரி உரிந்தது. விடுதியில் தங்கியிருந்த ஜெர்மன்காரர் ஒருவர் இரக்கத்தோடு என்னிடம் வந்து, மலை உச்சிக்கு அடிக்கடி ஏறுவாயா, தொப்பி போட்டுக்கொள்ளக்கூடாதா என்று கேட்டார். நான் மாவு வாங்கத் தெருமுனைக்குப் போனதைத் தவிர வேறு பயணம் எதுவும் செய்திருக்கவில்லை.

எரிச்சல் தாங்காமல் ஜெல்லை நிறுத்தினேன். ஷாஹினாவும் நிறுத்தினாள். பட்டாணி அளவில் போட்டிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, "இந்த மருந்து நமக்கு ஆவாது" என்று அத்தை தீர்ப்புச் சொன்னார், நாங்கள் மேல்முறையீடு செய்யவில்லை.

ஷாஹினா யார் என்று சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டில் பெட்ஷீட், தலையணை வியாபாரம் செய்த குடும்பத்தின் மூத்த பெண். எங்கள் வீடெல்லாம் எழும்புவதற்கு முன்பே அவர்கள் அந்தச் சந்தில் இருந்தவர்கள். அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. ஷாஹினா பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவர்களில் அத்தையும் ஒருவர் என்று அவள் அம்மா சொல்வார். பள்ளியிலிருந்து வந்தால் அவள் பை அத்தை வீட்டில்தான் விழும். என்னைப் போலவே அவளுக்கும் இரண்டு கன்னத்திலும் பருத் தழும்பு. ஆனால் என்னைப் போல அதைச் சொல்லிச் சிரிக்கமாட்டாள். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

அவளுக்கு வாணியம்பாடியில் மாப்பிள்ளை நிச்சயமாயிற்று. அத்தைக்கு நிலைகொள்ளவில்லை. ஷாஹினா முகம் பளிச்சென்று நிக்காஹில் உட்கார வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சில்லை. மாவு மொள்ளும்போதும் அதுதான். "பொண்ணு மூஞ்சியப் பாத்துட்டு ஒருத்தி ஒரு வார்த்த சொல்லிடக் கூடாதுடா. சொன்னா நான் தாங்கமாட்டேன்."

அந்தச் சமயத்தில்தான் வேலூரிலிருந்து அவருடைய தங்கை வந்தார். தங்கைக்குக் கணுக்காலில் வெகுநாளாக ஒரு சொறிப் படை. யாரோ மருத்துவர் எழுதிக்கொடுத்த ட்யூபைப் பூசியதில் படை இருந்த இடமே தெரியாமல் போயிருந்தது. அத்தை கணுக்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தன வருசத்துப் படையே போயிருச்சுன்னா, பரு தழும்பு போகாதா?"

அதோடு நிற்காமல், ஊருக்குக் கிளம்பும்போது தங்கையின் பையிலிருந்து அந்த ட்யூபை எடுத்து வைத்துக்கொண்டார். பதிலுக்கு ஒரு தூக்கு மாவு கொடுத்தார்.

அவரை அசட்டையானவர் என்று யாரும் சொல்ல நான் விடமாட்டேன். பிறர் முகத்தில் பூசுவதற்கு முன்னால் எந்தக் களிம்பையும் தன் முன்கையில் பூசி ஒருநாள் வைத்துப் பார்ப்பார். இதையும் பார்த்தார். கிரைண்டர் கழுவிக் கழுவி, சுடுதண்ணீரிலும் உளுந்திலும் காலம் முழுக்க ஊறிய கை அது. அமிலத்தை ஊற்றினாலும் "இன்னா?" என்று கேட்கும். அந்தக் கை ஒன்றும் ஆகவில்லை என்று சான்றிதழ் கொடுத்தது.

அடுத்தது என் கன்னம். நான் எப்போதுமே இரண்டாம் கட்டச் சோதனை. "உனக்கு இன்னாடா கெட்டுப்போவப் போவுது?" என்று பூசினார். நியாயமான கேள்வி என்று எனக்கும் பட்டது. மூன்றாவதாக ஷாஹினா.

சொன்னால் நம்பமாட்டீர்கள். சில நாளிலேயே முகம் வெளுத்தது. கறுப்புத் திட்டுகள் மங்கின. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வீடு மாதிரி நான் பளபளத்தேன். விடுதி முதலாளி என் நாற்காலியைத் தாமாகவே தூக்கி வரவேற்பு மேசைக்குப் போட்டார். ஷாஹினா துப்பட்டாவைத் தோளோடு நிறுத்திக்கொண்டாள். நிச்சயத்துக்கு எடுத்த படத்தில் அவள் நேராகப் பார்த்துச் சிரித்தாள். அதை அவள் அம்மா கைபேசியில் சந்து முழுக்கக் காட்டினார். ட்யூப் தீர்ந்ததும், காலி ட்யூபை மருந்துக் கடையில் நீட்டினேன். சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை, புதியது வந்தது.

அந்த நாட்களில் அத்தையின் நடையே வேறு. கணவரைக்கூட விடவில்லை. வழுக்கையில் பூசட்டுமா என்று கேட்டதாகவும், மனிதர் கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் சாயங்காலம் வரை திரும்பவில்லை என்றும் கேள்வி.

பிறகு அதைப் பூசினாலே முகம் எரிய ஆரம்பித்தது. நிறுத்தினால் இன்னும் எரிந்தது. வெயிலில் போனால் முகத்தில் மிளகாய்ப் பொடி தூவிய மாதிரி. சிவந்து, பொரிப்பொரியாக, பத்தாம் வகுப்பில்கூட வராத பருக்கள் கூட்டமாக வந்தன. என் நாற்காலி பழையபடி உள்ளே போனது. எனக்காவது உள்ளே போக ஓர் இடம் இருந்தது. ஷாஹினாவுக்குக் கல்யாணத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரிந்தது. மெல்லிய பூனைமுடி வளர்ந்தது. கண்ணாடி பார்ப்பதை அவள் நிறுத்திவிட்டதாக அவள் அம்மா என் அம்மாவிடம் சொன்னார்.

மறுபடி அதே மருத்துவர். நான், ஷாஹினா, அவள் அம்மா, கூடவே அத்தை. எங்கள் இரண்டு முகத்தையும் பார்த்த உடனே மருத்துவருக்குப் புரிந்துவிட்டது.

"என்ன ட்யூப்? கொண்டு வந்திருக்கீங்களா?"

நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கு. கால்ல, கையில வர்ற படைக்கு டாக்டர் சொல்லிக் கொஞ்ச நாள் போடுறது. மொகத்துக்குப் போட்டா மொதல்ல பளபளன்னு காட்டும். உள்ளுக்குள்ள தோல மெலிசாக்கிடும். விட்டா இப்படித்தான் எரியும். யார் எழுதிக் குடுத்தது?"

ஷாஹினா துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஷாஹினாவின் அம்மா மின்விசிறியைப் பார்த்தார். நான் ஏதாவது கோமாளித்தனம் செய்து பேச்சை மாற்றலாமா என்று வழி தேடினேன். அப்படிப்பட்ட நேரத்தில் என் மூளை வேலை செய்ததாகச் சரித்திரம் இல்லை.

அத்தை எழுந்து நின்றார். "எழுதிலாம் குடுக்கலம்மா. நான்தான் பூசினேன்."

"எவ்வளவு பூசினீங்க?"

வாழ்க்கையில் யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. கையை விரித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"கல்யாணத்துக்குள்ள சரியாயிடுமா?"

"மாசக்கணக்காகும். மேக்கப் எதுவும் கூடாது. நான் குடுக்குறத மட்டும் போடணும். சரியாகும், ஆனா அவசரப்பட முடியாது."

வெளியே வந்ததும் ஷாஹினாவின் அம்மா அத்தையின் தோளைத் தொட்டு, "வாங்க, டீ குடிச்சிட்டுப் போலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அத்தை அழுது தீர்த்திருப்பார், சந்தே கூடிச் சமாதானம் செய்திருக்கும், மறுநாள் மாவு வியாபாரம் பழையபடி நடந்திருக்கும். அந்த டீயை அத்தை குடித்தாரா என்று எனக்கு நினைவில்லை. ஆட்டோவில் வரும்போது இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி மடியில் வைத்திருந்தார். அது நினைவிருக்கிறது.

நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. அலங்காரம் செய்ய வந்த பெண்ணை ஷாஹினாவே திருப்பி அனுப்பிவிட்டாள். சிவந்த முகத்தோடு, பொரிகளோடு, மருத்துவர் கொடுத்த ஈரப்பசைக் களிம்பு மட்டும் பூசிக்கொண்டு பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டில் ஓர் அம்மா, "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே" என்று சொல்லத்தான் செய்தார். பக்கத்தில் இருந்தவர் பிரியாணியைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். மாப்பிள்ளை அதற்கு முன்பே விஷயம் தெரிந்து, தன் தாடியை விலக்கி உள்ளே இருக்கும் பருக்களைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பியிருந்தானாம். அந்தப் படத்தைக் காட்டி அவள் தங்கைகள் மண்டபத்தில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை பயந்த மாதிரி வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அதைப் பார்க்க அத்தைதான் அங்கே இல்லை.

"அத்த எங்க?" என்று ஷாஹினா கேட்டனுப்பியதாக ஒரு சின்னப் பெண் வந்து சொன்னாள். நான் சந்துக்கு ஓடினேன். கதவு ஒருக்களித்திருந்தது. அத்தை பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, புறப்பட்டவர் புறப்பட்டபடியே கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க அத்தை, கேக்குறா. பிரியாணி ஆறுது."

"நீ போய்ச் சாப்புடு."

"நீங்க வரலன்னா அவ கோச்சிக்குவா."

"நான் அங்க வந்து நின்னா, எல்லாம் அவளப் பாத்துட்டு என்னப் பாக்கும். என்னப் பாத்துட்டு மறுபடி அவளப் பாக்கும். அவளுக்கு எதுக்குடா அது?"

எனக்குத் தெரிந்த வேடிக்கையெல்லாம் பேசிப் பார்த்தேன். நல்ல பிள்ளைடா நீ என்கிற மாதிரி அவர் தலையசைத்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினார்.

அதன்பிறகு அத்தை கடைக்கு ஒரு மின்னணுத் தராசு வந்தது. மாவு பாக்கெட்டில் வந்தது. ஒரு கிலோ என்றால் ஒரு கிலோ. எண்ணுக்கு மேலே ஒரு சொட்டு கிடையாது. புதிதாகக் குடிவந்தவர்கள் இவ்வளவு நேர்மையான கடையைப் பார்த்ததில்லை என்று மெச்சினார்கள். பழைய ஆட்கள் நாங்கள் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு சற்று நேரம் அங்கேயே நிற்போம், எதையோ வாங்க மறந்துவிட்ட மாதிரி. பௌர்ணமிக்கு மறுநாள் நொண்டிக்கொண்டு போகிறவர்கள் நொண்டிக்கொண்டே போனார்கள். அத்தை வாசலில் இல்லை. யார் வீட்டுக்கு மருந்து வந்தாலும் என்ன ஏது என்று கேட்பதில்லை. ஒருமுறை என் அம்மாவுக்கு முதுகில் தைலம் தேய்க்க ஆளில்லாமல் கூப்பிட்டபோது, "கை சரியில்லக்கா" என்று சொல்லிவிட்டார். கைக்கு ஒன்றுமில்லை. அதே கைதான் மூட்டை மூட்டையாக அரிசியைக் களைந்துகொண்டிருந்தது.

நான் மருத்துவர் சொன்னபடி கேட்டேன். முதலில் எரிச்சல் அடங்க வேறு களிம்பு, அது அடங்கிய பிறகு பழைய ஜெல். இந்தமுறை பட்டாணி அளவு. பயத்தில் ஒரு பட்டாணியை வாங்கிவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் பிதுக்கினேன். அது மெதுவாக, மிகவும் மெதுவாக, யாருக்கும் தெரியாமல் வேலை செய்தது. சிவப்பு போயிற்று. கறுப்பு பெருமளவு மங்கியது. குழிகள் மருத்துவர் முன்பே சொன்ன மாதிரி, இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஷாஹினாவுக்கும் அதேதான். வாணியம்பாடியிலிருந்து தேறிய முகத்தைப் படமெடுத்து அத்தைக்கு அனுப்பினாள். "பாத்தேன்" என்று மட்டும் அத்தை பதில் சொன்னதாகச் சொன்னாள்.

பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், நாற்பது நாள் கழிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக எதிரே அத்தை வீட்டுக்குத்தான் வந்தாள். அன்று நான் மாவு வாங்க நின்றிருந்தேன். பெண் குழந்தை. வெண்ணெயை உருட்டி வைத்த மாதிரி கன்னம். அதைப் பார்க்கிற யாருக்கும் ஒரு விரலாவது வைத்துப் பார்க்கத் தோன்றும். நானே வைத்தேன். எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தையைப் பார்த்தால் பெண்கள் இரண்டு கையாலும் அதன் முகத்தை வழித்து, தங்கள் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பார்கள். கண்ணேறு கழிவதற்கு. ஷாஹினா சின்னவளாக இருந்தபோது, அத்தை அவள் முகத்தை வழித்து முறிக்கிற நெட்டிச் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும் என்பார் அம்மா.

அத்தை தராசுக்குப் பின்னால் நின்றபடியே பார்த்தார். கண் நிறையப் பார்த்தார். கை இரண்டும் பின்னால் இருந்தன.

"வாங்கிக்கோங்க அத்த" என்று ஷாஹினா குழந்தையை நீட்டினாள்.

"நல்லாத்தான் இருக்குது. நான் எதுக்கு?"

"தூக்கலன்னா போவுது. நெட்டியாவது முறிங்க."

"கையெல்லாம் மாவு."

கை சுத்தமாகத்தான் இருந்தது. ஷாஹினா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் கண் கலங்குவது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் யாராவது சிரித்தாக வேண்டும். என்னைவிட்டால் அதற்கு அங்கே வேறு ஆளில்லை. தராசின் மேல் குனிந்து கன்னத்தை நீட்டினேன்.

"கொழந்தைய வுடுங்க. இதோ, நம்ம பழைய மைதானம். இதுல கைய வெச்சுப் பழகுங்க. இனிமே கெட்டுப்போறதுக்கு இதுல ஒண்ணுமில்ல. இந்தக் குழியெல்லாம் நான் பத்தாவது படிக்கச்சே வந்தது அத்தை, உங்க வேல ஒண்ணுகூட இல்ல."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். என் கன்னத்துக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுவந்து, விரலைத் தூக்காமல், கண்ணாலேயே ஒவ்வொரு குழியாகத் தடவுவதுபோலப் பார்த்தார்.

"தெனம்தான்டா பாக்குறேன்" என்றார். "எது அப்பவே இருந்தது, எது நான் வெச்சதுன்னு எனக்குத்தான் தெரிய மாட்டேங்குது."